தோர்ணக்கல் அசரியா: பணிவிடைத் தலைமையை எதை வைத்து அளப்பது? ஒரு நிகழ்வு ஆய்வு

பணிவிடைத் தலைமை என்று சொன்னதும் நம் சபைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நல்ல மனிதரின் முகம்தான் நினைவுக்கு வரும். எளிமையாக உடுத்துவார், யாரையும் அதட்டமாட்டார், துக்க வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார், பெரிய வியாழனன்று முழங்காலிட்டுப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். எல்லாம் நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் வியாழக்கிழமை கால் கழுவியவர், ஈஸ்டர் கழிந்த கையோடு, சேகரக் கமிட்டியில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளை நிர்வகிக்கிற குழு) ஒரு வரவு செலவுக் கேள்வி கேட்ட பாவத்துக்காக ஒருவரை அடுத்த தேர்தலில் இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடுகிற கதையும் நமக்குப் புதிதில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதுதான் பிரச்சினை. பணிவான குணம் இருப்பதால் மட்டும் அதிகாரம் ஒழுங்காகப் பயன்படுத்தப்படும் என்று சொல்லிவிட முடியாது.

மாற்கு 10-ஐ எடுத்துப் பாருங்கள். யாக்கோபும் யோவானும் வந்து வலது பக்கமும் இடது பக்கமும் ஆசனம் கேட்கிறார்கள், மற்றப் பத்துப் பேருக்கும் எரிச்சல் வருகிறது, அந்த இடத்தில்தான் “உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்” என்ற வசனம் வருகிறது. அதாவது ஒரு நாற்காலிச் சண்டைக்கு நடுவில் சொல்லப்பட்ட வார்த்தை. அதனால் ஒரு சபைத் தலைவரை ஆராயும்போது அவர் எவ்வளவு அடக்கமானவர் என்பதைவிட, அவர் வந்தபோது அதிகாரம் யார் கையில் இருந்தது, அவர் போனபோது யார் கையில் இருந்தது என்று பார்ப்பதே முறை என்று நினைக்கிறேன். இந்தக் கேள்வியோடு அணுகுவதற்கு வேதநாயகம் சாமுவேல் அசரியாவைவிடப் பொருத்தமான ஆளை எனக்குத் தெரியவில்லை. இந்திய ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த சபையின், முதல் இந்தியப் பேராயர், நம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவரிடம் மெச்ச வேண்டியதும் நிறைய உண்டு, கேள்வி கேட்க வேண்டியதும் உண்டு, அதனால்தான் இந்தத் தேர்வு.

ஆளும் பின்னணியும்

1874 ஆகஸ்ட் 17-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் அந்தச் சபையின் குரு. பெற்றோர் பல வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளை, அதனால் சாமுவேல் என்று பெயர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார்; தேர்வு நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போனதால் பட்டம் வாங்கவில்லை. (பிற்பாடு 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.) 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். 1898-ல் அன்பு மாரியம்மாளைக் கல்யாணம் செய்தார். அந்தக் காலத்தில் கல்லூரி வாசலை மிதித்த மிகச் சில தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர் அன்பு. வரதட்சணை வேண்டாம் என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டார், செலவும் சுருக்கம். திருநெல்வேலிச் சீமையில் இன்றைக்கும் இது எத்தனை பெரிய காரியம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சங்கத்தை ஆரம்பித்தவர் சங்கத்துக்கு ஊழியரான கதை

1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசில் வெளியிடங்களுக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். திருநெல்வேலிச் சபைக்கு அதற்குள் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் வயதாகிவிட்டது, கோபுரம் வைத்த கோயில்கள் இருந்தன, பள்ளிக்கூடங்கள் இருந்தன, ஆனால் வெளியூருக்கு ஊழியம் செய்ய ஒரு ஏற்பாடும் இல்லை. எல்லாம் வெள்ளைக்காரர் பார்த்துக்கொள்வார்கள் என்ற பழக்கம்.

ஊருக்குத் திரும்பியவர் பேசியதோடு விடவில்லை. 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில். 1905-ல் கிறிஸ்துமஸ் அன்று வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவானபோதும் அதில் முன்னால் நின்றவர்களில் அவர் ஒருவர், அதன் பொதுச் செயலாளரும் ஆனார்.

இப்போது கவனியுங்கள். இந்த இடத்தில் நின்றிருந்தாலே அவருக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். நாடு முழுக்கப் பயணம், மேடை, வெளிநாட்டு மாநாடு. 1907-ல் டோக்கியோவுக்குக்கூடப் போய் வந்தார். வாலிபர்களைப் பார்த்து “போங்கள், கிராமங்களுக்குப் போங்கள்” என்று பேசுவது அவருடைய வேலை. 1909-ல் அவரே போனார். 35 வயதை எட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பொதுச் செயலாளர் பதவியை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, பாளையங்கோட்டையில் தானே ஆரம்பித்த சங்கத்தின் மிஷனரியாக ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கிளைப்பாதை பிரிகிற ஒரு ரயில் சந்திப்பு அது. ஆரம்பத்தில் கூடாரத்தில்தான் குடியிருப்பு. தெலுங்கை அந்த வயதில் அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொண்டார்.

கூடாரத்தில் இருந்ததைத்தான் எல்லாப் பிரசங்கியாரும் சொல்வார்கள், தியாகம் என்று. எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. ஒரு ஸ்தாபனத்தை ஆரம்பித்தவர் அதன் தலைமைப் பதவியைப் பிடித்துக்கொண்டு உட்காராமல், அதன் கமிட்டி அனுப்புகிற ஒரு ஊழியராக மாறினார். நம் ஊரில் ஊழியம் ஆரம்பிக்கிறவர்கள் முதலில் செய்வது, டிரஸ்டுப் பத்திரத்தில் மனைவி பெயரையும் மகன் பெயரையும் போடுவதுதான். அசரியா தான் இல்லாமலும் ஓடக்கூடிய ஒன்றை முதலில் கட்டினார், பிறகு அதற்குக் கீழே போய் நின்றார். இந்த வரிசை முக்கியம். அந்தச் சங்கம் இன்றைக்கும் திருநெல்வேலியிலிருந்து இயங்கிக்கொண்டிருக்கிறது.

எடின்பரோ, 1910

கீழே இருப்பவர்களிடம் பணிவாக இருப்பது ஒரு பாதி. மேலே இருப்பவர்களிடம் உண்மை பேசுவது இன்னொரு பாதி, அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ‘பணிவிடைக்காரர்’ என்றால் மேலிடத்தில் வாய் திறக்காதவர் என்றே பலருக்கும் எண்ணம்.

1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. சுமார் 1200 பிரதிநிதிகள், பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர்களும் அமெரிக்கர்களும். ஆசியாவிலிருந்து இருபது பேர்கூட இல்லை. அசரியாவுக்குக் கொடுத்த தலைப்பு, வெளிநாட்டு ஊழியர்களும் உள்நாட்டு ஊழியர்களும் சேர்ந்து வேலை செய்வதில் உள்ள சிக்கல்கள். அந்தச் சபையில் எத்தனையோ பேர் அவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிக்கக்கூடிய இடத்தில் இருந்தார்கள். நன்றி சொல்லி, இன்னும் ஆட்களை அனுப்புங்கள் என்று கேட்டு இறங்கியிருக்கலாம்.

அவர் நன்றி சொன்னார், அதில் குறை வைக்கவில்லை. மிஷனரிகளின் தியாகத்தை இந்தியச் சபை என்றைக்கும் நினைக்கும் என்றார். அதோடு, மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவில் ஒட்டாத தன்மை இருக்கிறது, மனம் விட்டுப் பேசுவது இல்லை, சிநேகம் இல்லை என்று உதாரணங்களோடு சொன்னார். சம்பளம் கொடுக்கிற எஜமானும் வாங்குகிற வேலைக்காரனும் என்ற உறவுதான் மிஞ்சுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. முடிவில் 1 கொரிந்தியர் 13-ஐ எடுத்து அவர்கள் பக்கமே திருப்பினார்: ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கப்படுவதற்கும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்.

மண்டபத்தில் பலருக்கு முகம் சுருங்கியது, சிலருக்குக் கோபமே வந்தது. அவர் எதிர்த்தது யாரை என்று பாருங்கள். எதிரிகளை இல்லை, தன்னை வளர்த்தவர்களை. அவருடைய ஆப்த நண்பர் ஷெர்வுட் எடி அமெரிக்கர், அவரை முன்னுக்குக் கொண்டுவந்த சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் ஆங்கிலேயர். அவர்கள் நல்லவர்கள் என்பதற்காக அமைப்பில் உள்ள தவறை அவர் மறைக்கவில்லை. தனக்கு நாற்காலி வேண்டும் என்றும் கேட்கவில்லை. பேர் தெரியாத உபதேசியார்கள் (குருப்பட்டம் இல்லாமல் கிராமச் சபைகளைக் கவனிக்கிற ஊழியர்கள்) சார்பில் பேசினார்.

இன்னொருவர் விட்டுக்கொடுத்தது

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். இதற்கு முந்தைய மூன்று நான்கு வருடம் நடந்த இழுபறியைச் சொல்லாவிட்டால் ஆய்வு அரைகுறை. இந்தியர் ஒருவருக்குக் கீழே ஐரோப்பியர் வேலை செய்வதா என்று மிஷனரிகள் பலர் எதிர்த்தார்கள். இதைவிடச் சங்கடமான விஷயம், தமிழ்க் கிறிஸ்தவர்களிலும் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள், அதில் சாதிக் கணக்கும் இருந்தது. கடைசியில் ஐரோப்பிய மிஷனரிகள் அதிகம் இல்லாத ஒரு சிறிய எல்லையைப் பிரித்து, அதை அவரிடம் கொடுத்தார்கள். 1920-களின் தொடக்கத்தில்தான் அந்த எல்லை விரிந்து பல ஐரோப்பியர்கள் அவருடைய நிர்வாகத்தின் கீழ் வந்தார்கள்.

இதில் ஒயிட்ஹெட் செய்ததையும் பணிவிடைத் தலைமைக் கணக்கில் சேர்க்க வேண்டும். தன்னுடைய சென்னை அத்தியட்சாதீனத்திலிருந்து (ஒரு பேராயரின் நிர்வாகத்தில் உள்ள பகுதி) ஒரு பகுதியை வெட்டி, தன் கீழ் இருந்த ஒரு குருவைத் தனக்குச் சமமான பேராயராக ஆக்கினார், அதுவும் தன் இனத்தாரின் கோபத்தை வாங்கிக்கொண்டு. இன்றைக்குச் சேகரங்களைப் பிரிக்கிற பேச்சு வந்தால் காணிக்கை அதிகம் வருகிற சபை எந்தப் பக்கம் போகும் என்றுதான் முதலில் சண்டை வருகிறது.

கிராமத்தில் நடந்தது

இதுதான் இந்த ஆய்வின் மையம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோர்ணக்கல் சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்து மக்கள். ஊருக்கு வெளியே குடியிருப்பு, கூலி வேலை, தீராத கடன், எழுத்து தெரியாது. இப்படிப்பட்ட மக்கள் ஆயிரக்கணக்கில் வரும்போது ஒரு தலைவர் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். பாவம் இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லாவற்றையும் தானே செய்து கொடுக்கலாம். மிஷன் பங்களாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் இயங்கின, நல்ல மனசோடுதான் இயங்கின. அல்லது முதல் நாளிலிருந்தே பொறுப்பை அவர்கள் தலையில் வைக்கலாம்.

அசரியா இரண்டாவதைச் செய்தார், அதுவும் சொல்லர்த்தமாகவே தலையில் வைத்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தலைமேல் வைத்துக்கொள்ளச் சொல்லி, “நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ” என்று தன்னோடு சேர்ந்து சொல்ல வைப்பார். பவுல் அப்போஸ்தலன் தன்னைப் பற்றிச் சொன்ன வார்த்தையை, நேற்றுவரை ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை இல்லாத ஒரு கூலிக்காரர் தன் வாயால் சொல்கிறார். நீ உதவி வாங்க வந்தவன் மட்டும் இல்லை, உனக்கு வேலை இருக்கிறது என்று அன்றைக்கே சொல்லியாகிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை சாட்சி வாரம் வைத்தார்கள். படித்தவர், படிக்காதவர், ஆண், பெண் என்று சாதாரண சபையார் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்த் தங்கள் அனுபவத்தைப் பேசினார்கள், பாடினார்கள். தெலுங்குக் கீர்த்தனை, கதாகாலட்சேபம், கோலாட்டம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது.

குருமார்கள் விஷயத்திலும் இதே வழிதான். ஆங்கிலம் பேசுகிற பட்டதாரிகள் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கிராமத்தில் பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, ராத்திரி ஜெபக் கூட்டம் நடத்திப் பழகிய உபதேசியார்களிலிருந்து ஆட்களை எடுத்து, தோர்ணக்கல் இறையியல் பள்ளியில் தெலுங்கிலேயே பயிற்சி கொடுத்துக் குருவாக்கினார். இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. படிப்பு குறைந்த குருமாரைச் சபை நாளைக்கு மதிக்குமா, பண விவகாரங்களை அவர்களால் கையாள முடியுமா என்ற கவலைகள் நியாயமானவைதான். ஆனால் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 1935 வாக்கில் அந்த அத்தியட்சாதீனத்தில் 250 இந்தியக் குருமாரும் 2000-க்கு மேற்பட்ட கிராம உபதேசியார்களும் இருந்தார்கள், கிறிஸ்தவர்கள் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தொட்டது. மருந்தகம், கூட்டுறவுச் சங்கம், அச்சகம் எல்லாம் சேர்ந்து வளர்ந்தன.

அந்தப் பயிற்சியில் நான் மிகவும் மதிக்கிற ஒரு விஷயம், மாணவர்கள் குடும்பத்தோடு வந்ததும், மனைவிமாருக்கும் பாடம் இருந்ததும். இது அன்பு அம்மாளின் கைவண்ணம். உபதேசியார் வெளியூர் போனாலும் கிராமத்தில் பெண்களைக் கூட்டி எழுத்தும் ஜெபமும் சுகாதாரமும் சொல்லிக்கொடுக்க ஒருத்தி இருப்பாள். அசரியாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அன்பு அம்மாளுக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த அத்தியட்சாதீனத்தில் பெண்கள் மத்தியில் நடந்த வேலையின் முதுகெலும்பு அவர்தான். குருவின் மனைவி என்றால் பெண்கள் ஐக்கியத்துக்குப் பதவி வழித் தலைவி என்று மட்டும் நாம் வைத்திருக்கிறோமே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அழுக்கு, நோய், கடன், குடி, இந்த நான்கையும் நான்கு பேய்கள் என்று சொல்வார் அசரியா. பேய் ஓட்டுவது என்றால் அவருக்கு இதுதான். நம் காலத்துப் பெரிய மேடைகளில் வேறு பேய்களைத்தான் ஓட்டுகிறார்கள்.

அப்புறம் பணம். ஏழைகளிடம் காணிக்கை கேட்பது கொடுமை என்று பல மிஷனரிகள் நினைத்தார்கள், கேட்கத் தயங்கினார்கள். அசரியா கேட்டார். சமையலுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனியே வைக்கும் பழக்கத்தை ஊக்குவித்தார். வெளியிலிருந்து பார்த்தால் இது இரக்கமில்லாத காரியம்போலத் தெரியும். ஆனால் யார் பணத்தில் சபை நடக்கிறதோ அவர்களுக்குத்தான் அதில் பேச்சுரிமை என்பது எல்லாக் காலத்துக்கும் பொருந்துகிற நடைமுறை. லண்டனிலிருந்து பணம் வந்தால் லண்டன்தான் பேசும். பிடியரிசி கொடுக்கிற அம்மா தன் சபை உபதேசியாரைப் பார்த்து, “ஐயா, பள்ளிக்கூடக் கூரை ஏன் இன்னும் ஒழுகுகிறது?” என்று கேட்கலாம். அந்த வலிமை தர்மம் வாங்குகிறவருக்கு வராது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த முறை நேர்மையாக இருப்பது, கொடுத்தவர் கணக்குக் கேட்க முடிகிறவரைக்கும்தான். கணக்குக் கேட்க முடியாத இடத்தில் ஏழையிடம் தசமபாகம் வாங்குவது வேறு ரகம், அதற்கு அசரியாவைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது.

தோர்ணக்கல் பேராலயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டி முடிக்கச் சுமார் கால் நூற்றாண்டு ஆனது, 1939 ஜனவரி 6-ல், பிரசன்னத் திருநாளில் பிரதிஷ்டை நடந்தது. கோபுரங்கள், மசூதிபோல் குவிமாடங்கள், இந்துக் கோயில் மாதிரித் தூண்கள், அதில் தாமரைச் செதுக்கல். அந்த மண்ணில் இருந்த மூன்று சமயங்களின் கட்டடக் கலையும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் அவருடைய முன்னுரிமை கட்டடம் அல்ல. அது மெதுவாக எழும்பிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் கிராமத்து உபதேசியார்கள் இரண்டாயிரத்தைத் தாண்டினார்கள். வரிசையை மாற்றிப் போட்ட சபைகள் எத்தனையோ இருக்கின்றன, உங்கள் ஊரிலேயே இருக்கலாம்.

லாபத்தை வேண்டாம் என்றது

1932-ல் பிரிட்டிஷ் அரசு வகுப்புவாரித் தீர்ப்பு கொடுத்தபோது இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் தனித் தொகுதி, அதாவது அவர்கள் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிற தொகுதி, வந்தது. லட்சக்கணக்கான சபையார் உள்ள ஒரு பேராயருக்கு இது அரசியல் செல்வாக்கைக் கையில் வைத்துக் கொடுத்த மாதிரி. அசரியா அதை எதிர்த்தார். சபை ஒரு சாதிக் கட்சிபோல ஆகிவிடக் கூடாது என்பது அவருடைய வாதம். இதில் அவரோடு மாறுபடலாம். தனித் தொகுதி இருந்தால் ஏழைக் கிறிஸ்தவர்களுக்குச் சட்டசபையில் குரல் இருந்திருக்கும் என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் தனக்கு லாபம் வரக்கூடிய ஒன்றை ஒரு தலைவர் வேண்டாம் என்று சொன்னார் என்பது பதிவாக வேண்டும்.

1930-களின் நடுவில் காந்தியோடு உரசல் வந்தது. தீண்டப்படாத மக்கள் மதம் மாறுவது புரிந்து செய்வதல்ல என்பது காந்தியின் கட்சி. 1936-ல் அமெரிக்க மிஷனரித் தலைவர் ஜான் மாட்டிடம் பேசும்போது, ஒரு பசுவுக்குச் சுவிசேஷம் சொல்வீர்களா என்று கேட்டு, அந்த மக்களில் சிலருடைய புரிதல் அதற்கும் கீழே என்கிற அளவுக்குப் பேசினார். அசரியா இந்த இடத்தில் அசையவில்லை. தன் கிராமத்து மக்களுக்கு எது வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் வேலையின் அடிப்படை. நாட்டில் எல்லாரும் வணங்கிய தலைவரிடம் மாறுபட்டுப் பேசியதும் எடின்பரோவில் பேசியதும் ஒரே மனிதர்தான்.

அம்பேத்கரிடம் கதை வேறு. தன் மக்கள் இந்து மதத்தை விட்டு வெளியேறலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த அம்பேத்கர், நாங்கள் கிறிஸ்தவர்களானால் எங்கே போனாலும் ஒரே சபையாக இருக்க முடியுமா, சாதி இல்லாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல அசரியாவிடம் பதில் இல்லை. மாலாக்களும் மாதிகாக்களும் சபைக்குள் வந்த பிறகும் தனித்தனியாகவே பெண் எடுத்துப் பெண் கொடுத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாததல்ல.

முதல் கேள்விக்கு அவர் ஏற்கனவே வேலை செய்துகொண்டிருந்தார். 1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், இரண்டு பேரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். எங்கள் பிரிவினைகளுக்கு நாங்கள் பொறுப்பில்லை, அவை வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்று அறிக்கை விட்டார்கள். அதன் முடிவு 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில், ஆங்கிலிக்கன் சபையும் வேறு சபைகளும் ஒன்றாக இணைந்து பிறந்த தென்னிந்தியத் திருச்சபை. பேராயர் முறை இல்லாத சபைகளின் குருமாரைத் தன் குருமாருக்குச் சமமாக ஏற்றுக்கொள்ள ஒரு ஆங்கிலிக்கன் பேராயர் முன்வருவது என்றால் தன் பதவியின் தனிச்சிறப்பில் ஒரு பகுதியை இழப்பதுதான். அவர் அதற்குத் தயாராக இருந்தார். சபை பிறந்த நாளைப் பார்க்க அவர் இல்லை, 1945 ஜனவரி 1-ல் தோர்ணக்கல்லில் இறந்துபோனார்.

எங்கே இடிக்கிறது

தெலுங்கு மக்கள் அவரைத் ‘தண்ட்ரிகாரு’ என்று கூப்பிட்டார்கள், அப்பா என்று. அன்பாகத்தான். ஆனால் எல்லாம் அப்பாவைக் கேட்டுத்தான் என்ற நிலை ஒரு சபையில் வந்துவிட்டால், அப்பா போனபிறகு என்ன ஆகும்? மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகச் சுற்றிய எளிமையான மனிதர் அவர். அதே சமயம் ஒழுங்கு விஷயத்தில் கறாரானவர், முடிவெடுப்பதைத் தன் கையில் வைத்துக்கொண்டவர். ஆங்கிலிக்கன் முறைமைகளின் மேல் அவருக்கு இருந்த பிடிப்பும் லேசானதல்ல.

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் உறுத்துகிற தகவல் இதுதான்: 1912 முதல் 1945-ல் இறக்கும்வரை, முப்பத்திரண்டு வருடம், இந்தியாவில் ஒரு முழு அத்தியட்சாதீனத்துக்குப் பொறுப்பாக இருந்த ஒரே இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் அவர்தான். அவருக்குப் பின் தோர்ணக்கல் பேராயராக வந்தவர் ஏ.பி. எலியட் என்ற ஐரோப்பியர். 250 இந்தியக் குருமாரை உருவாக்கிய இடத்தில்! பழியை முழுக்க அசரியா தலையில் கட்டுவது அநியாயம். பேராயர்களைத் தீர்மானித்தது காலனியச் சபை அமைப்பு, அவரையே எவ்வளவு இழுத்தடித்து ஏற்றுக்கொண்டார்கள் என்று மேலே பார்த்தோம். எலியட்டும் பல வருடம் அவருக்கு உதவிப் பேராயராக இருந்து அங்கேயே உழைத்தவர். ஆனாலும் கேள்வி நிற்கிறது. கிராம மட்டத்தில் அத்தனை தாராளமாகப் பொறுப்பைக் கொடுத்தவர், தன் நாற்காலிக்கு அடுத்த படியில் ஒரு தெலுங்குக்காரரை ஏன் நிறுத்தவில்லை? உபதேசியாரை நம்புவது ஒன்று, தனக்குச் சமமாக ஒருவரை வளர்ப்பது வேறொன்று. முதலாவதைச் செய்கிற நல்ல தலைவர்கள் பலர் இரண்டாவதில் தவறுகிறார்கள்.

நந்தியாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் எந்த ஐக்கியத்துக்காக இத்தனை வருடம் பாடுபட்டாரோ, அதில் சேர மாட்டோம் என்று அவருடைய சொந்த அத்தியட்சாதீனத்துக்குள் இருந்த நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர்களில் பெரும்பகுதியினர் 1947-ல் விலகி நின்றுவிட்டார்கள். தரங்கம்பாடி மேடையில் பேசி முடித்த காரியம் அவர்கள் வீட்டு வாசல்வரை போய்ச் சேரவில்லை.

இதை எந்தச் சேகரக் கூட்டத்திலாவது வைத்துப் பேசுவதாக இருந்தால், தயவுசெய்து “நாம் அசரியாவைப் போலத் தாழ்மையாக இருக்க வேண்டும்” என்று ஜெபம் பண்ணிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். சேகர குருவானவரை உட்கார வைத்து, நம் காணிக்கைக் கணக்கை யார் எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடியுமா, பிரசங்க பீடத்தில் கடந்த ஒரு வருடத்தில் குரு அல்லாதவர்கள் எத்தனை பேர் ஏறினார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், மேலிடத்தில் தவறு நடந்தபோது நம் சார்பில் யாராவது எழுதிக் கேட்டோமா, நாளைக்கு இவருக்கு மாற்றல் வந்தால் எந்தெந்த வேலை நின்றுபோகும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதிலாக வரும் பட்டியல் நீளமாக இருந்தால், அதில் முதலில் இருக்கும் வேலையை இந்த மாதமே சபையில் வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் முதல் தடவை சொதப்பத்தான் செய்வார். தோர்ணக்கல் உபதேசியார்களும் சொதப்பியிருப்பார்கள்.